கோழிக்குப் போட்ட கதவு: இரண்டு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் வாசல் அரைக்கதவின் ஸ்பிரிங் கீல் இரண்டாவது முறையாகத் துருப்பிடித்து இறுகிவிட்டது. புதியதை மாட்டிவிட்டுக் கை கழுவுவதற்குள் காங்கேயத்திலிருந்து மைத்துனரின் போன். "மாமா, இங்கேயும் கோழிகள் அடுப்படி வரைக்கும் வருகின்றன. உங்கள் வீட்டில் இருப்பது மாதிரி ஒரு கதவு போட்டுவிடட்டுமா?" கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்ற எனக்கு அப்போது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தப் பேச்சுதான் இது.

எங்களிடம் இருப்பவை பதினான்கு பெட்டைகளும் ஒரு சேவலும். எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி. விடிந்ததும் திறந்துவிட்டால் பொழுது சாயும்போது தாமாகவே கூண்டுக்குத் திரும்பிவிடும். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரம்தான் வம்பு. சித்திரை, வைகாசியில் கோழிக்கும் எங்கள் ஆசாரத்து, அதாவது கூடத்து, சிவப்புக் காவித் தரைதான் வேண்டும். வியர்வைச் சுரப்பி இல்லாத உடம்பு. அலகைத் திறந்து, இறக்கையைச் சற்று அகட்டிக்கொண்டு, மின்விசிறிக்கு நேர் கீழே வந்து நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். அது நின்ற இடத்தைத் துடைக்கும்போது அந்தப் பாவம் எல்லாம் போய்விடும்.

கதவுக்கு முன்னால் செய்த கோமாளித்தனங்களையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பேச்சைக் கேட்டு வாசற்படியில் மிளகாய்த்தூள் தூவினேன். கோழிகள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்தன. வீட்டில் இருந்த நாங்கள்தான் தும்மினோம். மிளகாயின் காரம் நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் தைக்கும், பறவைகளுக்கு அது தெரிவதே இல்லை. கிளி மிளகாய்ப் பழத்தை அத்தனை ருசியாகத் தின்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்து, நடுவில் காந்தம் வைத்த கொசுவலைத் திரை. நானூறு ரூபாய் என்று ஞாபகம். ஒரு வாரம் அற்புதமாக இருந்தது. எட்டாம் நாள் கழுத்தில் முடியில்லாத பெட்டை ஒன்று அடிப்பக்கம் தலையை நுழைத்தால் திரை விலகும் என்று கண்டுபிடித்தது. மறுநாள் மற்றவையும் கற்றுக்கொண்டன. நுழைந்த பிறகு திரை பின்னால் ஒட்டிக்கொள்ளும். திரும்பும் வழி தெரியாது. கோழி வராமல் இருக்க வாங்கிய பொருள், வந்த கோழி போகாமல் பார்த்துக்கொண்டது.

இனி கதவு. தச்சர் முதலில் செய்து தந்தது இரண்டரை அடி உயரம், மேலே வழவழப்பான மரச்சட்டம். பார்க்க லட்சணமாக இருந்தது. கோழிகளுக்கும் பிடித்துப்போனது. எம்பி அந்தச் சட்டத்தில் உட்காரும், ஆசாரத்தை ஒரு சுற்றுப் பார்க்கும், பிறகு உள்பக்கமாகக் குதிக்கும். கோழி பெரும்பாலும் வேலியை ஒரே தாவலில் தாண்டுவதில்லை. கால் வைக்க ஓர் இடம் கண்ணில் பட்டால்தான் எம்புகிறது. இது புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. மேல்சட்டத்தை அறுத்தெடுத்துவிட்டு, பக்கச் சட்டங்களை உயர்த்தி, மூன்றரை அடிக்குக் கம்பி வலையை மொட்டையாக நிறுத்தினோம். அன்றோடு எம்புவது நின்றது. பறக்க முடியாமல் ஒரு பக்க இறக்கையின் இறகுகளை வெட்டிவிடச் சொன்னவர்களும் உண்டு. அம்மா சம்மதிக்கவில்லை: கீரியும் தெருநாயும் வந்தால் முருங்கை மரத்துக்குப் பறக்க அதற்கு வேறு என்ன இருக்கிறது?

வலை விஷயத்திலும் ஒரு பாடம். அடிப்பகுதியில் ஓர் அங்குலக் கண் போதும் என்று நினைத்தோம். நான்கு நாள் குஞ்சு அதில் சர்வ சாதாரணமாக உள்ளே போய்விட்டது. வெளியே நின்ற தாய் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. வலையில் மோதி மோதி மார்பில் இறகு பறந்தது. கீழே ஓர் அடிக்கு அரை அங்குல வலையைக் கட்டாயம் அடியுங்கள்.

நியாயமாகச் சொன்னால், இந்த ஒரு வருடமாகக் கோழி உள்ளே வந்தது இரண்டே முறை, இரண்டும் நாங்கள் கையில் தண்ணீர்க் குடத்தோடு கதவைக் காலால் தள்ளியபோது. பூஜை அறையை இப்போது பூட்டுவதில்லை. உலர்ந்த துணியைக் கட்டிலில் போடலாம். ஆனால் அந்தப் பெருமையில் பாதி மாட்டுக்கொட்டகையில் இருக்கும் பழைய பிரம்புக் கூடைக்குச் சேர வேண்டும். உள்ளே வந்தவற்றில் பாதி, முட்டையிட இருட்டு மூலை தேடி வந்தவை. கட்டிலடி, பீரோ இடுக்கு, ஒருமுறை என் சட்டைக் குவியல். நேரம் பார்த்துக் காவல் இருக்கவும் முடியாது: ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் இருபத்தைந்து, இருபத்தாறு மணி நேரம், அதனால் நாளுக்கு நாள் நேரம் பின்னால் போகும். கூடையில் வைக்கோல் போட்டு, எடுக்காமல் ஒரு முட்டையை விட்டுவைத்ததும் அவை அங்கே போய்விட்டன. கூடைக்குக் கீலும் கிடையாது, துருவும் கிடையாது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். கோழிகள் உள்ளே வருவதை நிறுத்தின. வாசலுக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தவும் செய்யாது, ஏனென்றால் அம்மா இன்றைக்கும் அந்த அரைக்கதவுக்கு மேலாகக் கையை நீட்டி, "பா பா பா" என்று பழைய சோற்றை வீசுகிறார். முன்பு வீடு முழுக்கப் பரவியிருந்த எச்சம் இப்போது மூன்றுக்கு மூன்று அடிக்குள். அந்த மூன்றுக்கு மூன்று அடியில்தான் எங்கள் எல்லோருடைய செருப்பும் கிடக்கிறது. கோழி எட்டு, பத்து முறைக்கு ஒருமுறை போடும் அந்தப் பழுப்பு நிறக் களிம்பு, குடலின் ஒருபக்கம் மூடிய பைகளில் தங்கிப் புளித்து வருவது, செருப்பின் அடிக்கோடுகளில் எப்படி ஏறும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில், பஸ்ஸுக்குள், மற்றவர்கள் மூக்கைச் சுளித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சோற்றைக் கொட்டகைப் பக்கம் போடச் சொன்னேன். "வாசலுக்கு வருவதைத் துரத்தக் கூடாது கண்ணு" என்றார். கதவு போட்டது எதற்காம்? கேட்கவில்லை.

ஆகவே மைத்துனருக்கு: உயரம் சரி, வலை சரி, வேலை செய்கிறது, வீடு சுத்தம். போடாதே. முதலில் கொட்டகையில் ஒரு கூடை வை, சோறு போடும் இடத்தை மாற்று, அத்தை ஒத்துக்கொண்டால். அதற்கும் மேல் கதவுதான் வேண்டும் என்றால் என்னுடையதைப் பாதி விலைக்குக் கழற்றித் தருகிறேன். கீல் புத்தம் புதியது. உன் அக்காவிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லிவிடாதே.