குளிர்கோபுரமா, காற்றில் ஆறும் சில்லரா? சைபர்ஜெயாவில் நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் நிறுவனத்தின் சர்வர்களை வாடகைக்கு வைக்க, மலேசியாவில் கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள சைபர்ஜெயாவில் இரண்டு தரவு மையங்களைப் பார்த்தோம். சர்வர்களின் வெப்பத்தைத் தணிக்க ஒன்றில் குளிர்கோபுரம், மற்றதில் காற்றில் ஆறும் சில்லர், அதாவது விசிறிக் காற்றால் வெப்பத்தை வெளியேற்றும் குளிரூட்டும் இயந்திரம். வாடகை, பாதுகாப்பு, இணைய வேகம் எல்லாம் ஏறக்குறைய சமம். சில்லர் உள்ள இடத்தையே எடுத்தோம். காரணம் தண்ணீர்.

கோபுரம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீரை ஆவியாக்கித்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு மெகாவாட் வெப்பத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 36,000 லிட்டர் ஆவியாகும். உப்பும் சுண்ணமும் தொட்டியிலேயே தங்கி அடர்வதால், அந்த நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். நான்கு மடங்கு அடரும்வரை பொறுத்தாலும் அதற்கு இன்னும் 12,000 லிட்டர். ஆளுக்கு 200 லிட்டர் என்று வைத்தால், இது 240 பேர் ஒரு நாள் புழங்கும் நீர். நாங்கள் மாடியேறிப் பார்த்த கோபுரத்தில் தகடுகளின் விளிம்பெங்கும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளராமல் மருந்தும் இடைவிடாமல் கலக்க வேண்டும்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்றுடையது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற ஆற்றில் மாசு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் அதிகமான குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்கு நீர் நின்றது. அப்படி ஒரு தடை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கோபுரம் வைத்திருந்தவர்களிடம் கேட்டேன். தொட்டியில் இரண்டு நாளுக்கு இருக்கும், பிறகு லாரியில் வரவழைப்போம் என்றார்கள். அந்த நேரத்தில் லாரி போக வேண்டிய இடம் மருத்துவமனையும் அடுக்குமாடி வீடுகளும்தான். என் சர்வருக்காக அந்த வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை.

பினாங்குக்குப் போகலாமா என்றும் யோசித்தோம். அங்கே 80 விழுக்காட்டுக்கும் மேலான நீருக்குக் பக்கத்து மாநிலமான கெடாவுடன் பகிரும் மூடா ஆற்றையே நம்ப வேண்டும். சிக்கல் இடம் மாறுமே தவிரத் தீராது.

காற்றுச் சில்லர் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். விசிறிச் சத்தமும் அதிகம், குடியிருப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நான் பார்த்தவை சிறிய கூடங்கள். நூறு மெகாவாட் வளாகத்துக்கும் இதே முடிவு பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். சுத்திகரித்த கழிவுநீர் குழாய்வழியே கோபுரத்துக்கு வந்தால் என் கணக்கே மாறும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரு தரப்பிடமும் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.