பட்டியலா, உள்ளுணர்வா, பூவா தலையா?

வேலையை மாற்றுவதா வேண்டாமா என்று மதில் மேல் பூனையாக நிற்பவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் மூன்று வகைதான். சாதக பாதகங்களைத் தாளில் எழுதிப் பார் என்பார் ஒருவர். மனம் என்ன சொல்கிறதோ அதைச் செய் என்பார் இன்னொருவர். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மூன்றாமவர், பூவா தலையா போட்டுப் பாரேன் என்பார். முதலாவது பொறுப்பு, இரண்டாவது துணிச்சல், மூன்றாவது விளையாட்டு என்பது பொதுவான மதிப்பீடு. இந்த மதிப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை.

பட்டியலிலிருந்து தொடங்கலாம், மூன்றில் நல்ல பெயர் அதற்குத்தான் அதிகம். 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளருக்கு ஒரு பிரபுவிடமிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. ஏற்கலாமா என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினைக் கேட்டார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னால் சொல்ல இயலாது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று பதில் வந்தது. தாளின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள்களுக்குத் தோன்றத் தோன்ற எழுதிவர வேண்டும். பிறகு எடைபோட்டு, சமமானவற்றை அடித்துவிட வேண்டும். ஒரு சாதகம் இரண்டு பாதகங்களுக்கு ஈடு என்றால் மூன்றையும் அடிக்கலாம். அதற்குப் பிறகும் ஓரிரு நாள் பொறுத்து, புதிதாக எதுவும் தோன்றாவிட்டால் மிஞ்சியிருக்கும் பக்கமே முடிவு.

இதில் நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது கோடு மட்டும்தான். பொறுத்திருக்கும் நாள்கள் போய்விட்டன, எடைபோடுவதும் போய்விட்டது. பதினைந்து நிமிடத்தில் எழுதி முடித்து வரிகளை எண்ணுகிறோம். வேலை மாறத் துடிக்கும் ஒருவர் எழுதுவதைப் பக்கத்திலிருந்து கவனித்தால் தெரியும். இடப்பக்கம் பேனா ஓடும். ‘சம்பளம் கூடும்’ என்று ஒரு வரி. ‘பயண நேரம் குறையும்’ என்று ஒன்று. நான்கு வரி தள்ளி ‘மாலையில் சீக்கிரம் வீடு திரும்பலாம்’ என்று இன்னொன்று. பயண நேரம்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வலப்பக்கம் இரண்டு வரியோடு பேனா நின்றுவிடும். ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குச் சப்பைக்கட்டு கட்டும் வேலைக்குப் பட்டியலைப் போல ஒத்துழைக்கும் கருவி வேறில்லை.

சார்லஸ் டார்வினே இதற்குச் சாட்சி. 1838இல் திருமணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினார். திருமணத்துக்கு ஆதரவாக, கூடவே இருக்க ஒரு துணை, எப்படியும் நாயைவிட மேல் என்று ஒரு குறிப்பு. எதிராக, புத்தகம் வாங்கப் பணம் குறையும் என்ற கவலை. முடிவில் திருமணம், திருமணம், திருமணம் என்று மூன்று முறை எழுதி, கணிதத் தேற்றத்தை நிறுவியதுபோல முற்றுப்புள்ளி வைத்தார். அடுத்த ஜனவரியில் மணவிழா நடந்தது. அந்தத் தாளைப் படிப்பவர் யாருக்கும் அது கணக்கு என்று தோன்றாது.

காரணம் எழுதுவது சில சமயம் கெடுதலே செய்கிறது. உளவியலாளர் டிமோத்தி வில்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஒரு சுவரொட்டியைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் மட்டும் ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் எழுத வேண்டும். மூன்று வாரம் கழித்து விசாரித்தபோது, காரணம் எழுதியவர்களுக்கே திருப்தி குறைவாக இருந்தது. சொல்ல எளிதான காரணங்கள் தாளில் ஏறிவிடுகின்றன, சொல்ல வராதவை வெளியே நிற்கின்றன. ஒரு படத்தின் மேல் வரும் பிடித்தம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1985இல் கோக கோலா தன் பானத்தின் சுவையை மாற்றுவதற்கு முன் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிச் சோதித்தது. புதிய சுவை வென்றது. ஏப்ரலில் புதியது வந்தது, எதிர்ப்பு வெடித்தது, 79 நாள்களில் பழையது திரும்பி வந்துவிட்டது. கணக்கில் பிழையில்லை. பழகிய பானம் கடையிலிருந்தே காணாமல் போனால் எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் வரியாக ஏறவே இல்லை.

அப்படியானால் மனம் சொல்வதைக் கேட்கலாமா? அது யாருடைய மனம், எந்த விஷயத்தில் என்பதைப் பொறுத்தது. உளவியலாளர் கேரி கிளைன் 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தபோது ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார். சமையலறைத் தீயை ஒரு குழு தண்ணீர் பாய்ச்சி அணைத்துக்கொண்டிருந்தது. தீ அடங்க மறுத்தது. அறை அளவுக்கு மீறிச் சூடாக இருந்தது, ஆனால் வழக்கமான இரைச்சல் இல்லை. ஏனென்று புரியாமலே தலைவர் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். வெளியேறிய சிறிது நேரத்தில், அவர்கள் நின்ற தளம் இடிந்து விழுந்தது. உண்மையான தீ கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகவே அவர் நம்பினார். வருடக்கணக்கில் பார்த்த தீக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்குள் படிந்திருந்தது, இந்தத் தீ அப்படி நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

உள்ளுணர்வைக் கொண்டாடிய கிளைனும் அதைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அடிப்படையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை என்பது தெரியவந்தது. சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதைக் கற்றுக்கொள்ள நீண்ட பழக்கமும் சரியா தவறா என்ற பதிலும் கிடைத்திருக்க வேண்டும். இவை இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். தீயணைப்பும் சதுரங்கமும் இதில் தேறுகின்றன. பங்குச் சந்தையில் எந்தப் பங்கு ஏறும் என்ற ஊகம் தேறாது. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலும் தேறாது என்பேன். நிராகரித்த ஆள் வேறிடத்தில் எப்படி ஜொலித்தார் என்பது நேர்காணல் நடத்தியவரின் காதுக்கு எட்டுவதே இல்லை. ஆளைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுபவர்கள் அதிகம் தென்படுவது, விந்தையாக, இந்தத் துறையில்தான்.

பூவா தலையாவுக்கு வருவோம். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்காக இணையத்தில் நாணயம் சுண்டும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். 20,000க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. தலை விழுந்தால் மாற்றம், பூ விழுந்தால் இருப்பது இருந்தபடியே. வேலையை விடுவது, உறவை முறித்துக்கொள்வது போன்ற பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். நாணயம் யாருக்குத் தலை விழும் என்று பார்த்து விழுவதில்லை என்பதால், துணிச்சல்காரர்கள் இயல்பிலேயே மகிழ்ச்சியானவர்கள் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்தவர்கள். நிம்மதியாக இருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு நாளை ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. ஊசலாட்டம் மாதக்கணக்கில் நீடிக்கும்போது நாம் இருக்கும் இடத்தைப் பற்றிக்கொண்டு கிடக்கிறோம், நாணயம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. சுண்டிய பிறகு விழுந்த பக்கத்தைப் பார்த்து மனம் சுணங்கினால், அந்தச் சுணக்கமே ஒரு தகவல்.

மூன்றில் எதற்கு என் வாக்கு? சரியான வரிசையில் வைத்தால் பட்டியலும் உள்ளுணர்வும் சண்டையிடுவதில்லை. 1955இல், 21 வயது கானமனிடம் இஸ்ரேல் ராணுவத்தின் நேர்காணல் முறையைச் சீர்செய்யும் வேலை வந்தது. அதுவரை நேர்காணல் செய்பவர்கள் பொதுவாகப் பேசிவிட்டு, ஆளைப் பற்றி மனதில் பட்டதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால் பயனே இல்லை. கானமன் ஆறு குணங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றைப் பற்றியும் தனியாகக் கேட்டுத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னார். எங்களை இயந்திரமாக்குகிறாயா என்று கொதித்தார்கள். சரி, ஆறும் முடிந்தபின் கண்ணை மூடிக்கொண்டு இவர் எப்படிப்பட்ட வீரராக வருவார் என்று நினைத்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். ஆறின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகப் பலித்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதற்குச் சமமாகப் பலித்தது. பழைய முறையில் பயன்படாத அதே உள்ளுணர்வு, கடைசியில் வந்தபோது பயன்பட்டது.

ஆள் எடுப்பது, வீடு வாங்குவது, கூட்டாளி சேர்ப்பது போல எளிதில் திரும்ப முடியாத முடிவுகளுக்கு இந்த வரிசையை நான் பரிந்துரைப்பேன்: முதலில் துண்டு துண்டாக மதிப்பெண், மனதின் தீர்ப்பு அதற்குப் பிறகு. ரசனை சார்ந்த விஷயத்தில் தாளே வேண்டாம். திரும்பிவிடக்கூடிய சில்லறை முடிவுகளுக்கும், ஒரு வருடமாக இழுபடும் பெரிய முடிவுகளுக்கும் நாணயம் போதும்.

நாலு பேரிடம் கேட்பதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அந்த நாலு பேரும் பட்டியலோ உள்ளுணர்வோ வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறார்கள். கேட்பதென்றால் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் என்றால், பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தங்கள் மதிப்பெண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேலாளர் கடைசியாக வாய் திறப்பது உத்தமம். நடைமுறையில் அவர்தான் முதலில் பேசுகிறார்.