360 நாள் ஆண்டு: உண்மையா, கணக்கு வசதியா?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில், நோவா காலத்து வெள்ளம் இரண்டாம் மாதம் 17-ஆம் தேதி தொடங்குகிறது. ஏழாம் மாதம் 17-இல் நோவாவின் பேழை மலையில் தங்குகிறது. இடையில் 150 நாள் என்கிறது அதே பகுதி. ஐந்து மாதம், தலா 30. நிலவை வைத்து எண்ணியிருந்தால் 147 அல்லது 148 தான் வரும்.

இதைப் பிடித்துக்கொண்டு படைப்புவாதிகள் (பைபிளின் படைப்புக் கதையை அப்படியே வரலாறாக ஏற்பவர்கள்) சிலர், ஆதியில் ஆண்டே 360 நாள்தான், பிறகே 365¼ ஆனது என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

மற்றொரு விளக்கம் சாதாரணமானது: 30 என்பது எழுத்தர்களின் முழு எண். பாபிலோனிய நிர்வாகக் கணக்கில் ஆண்டு 360 நாள். ஆனால் நடைமுறை நாட்காட்டி நிலவைப் பின்பற்றியது, பருவம் தவறும்போது கூடுதல் மாதம் சேர்த்தார்கள். எகிப்தியர்கள் 12 முப்பதுகளுக்குப் பின் ஐந்து நாளை ஒட்டவைத்தார்கள். ஆண்டே 360 என்றால் அந்த ஐந்து எதற்கு?

எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. பூமியின் சுழற்சி வேகம் மெல்லக் குறைந்து நாள் நீண்டுவருவதால், பின்னோக்கிப் போனால் ஆண்டில் நாட்கள் கூடத்தான் செய்யும். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலப் பவளப் படிமங்களில், நாளுக்கு ஒன்றாகப் படிந்த வளர்ச்சி வரிகளை 1963-இல் தொல்லுயிரியலாளர் ஜான் வெல்ஸ் எண்ணியபோது கிடைத்தது ஆண்டுக்குச் சுமார் 400 நாள்.