பெட்-இட் பியூட்டைல் டேப்: டெக் ஒழுக்குக்கு வாங்கலாமா?

வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். படகின் மேல்தளத்தில், அதாவது டெக்கில், போல்ட் போட்டுப் பூட்டும் பொருத்திகளுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒட்டும் பிசுபிசுப்பான டேப் இது. ஆனால் சுருளை வாங்கி ஒட்டிவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும் என்று நினைத்தால் காசு வீண்தான். தண்ணீர் எந்த போல்ட் வழியாக இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்தத் துளையைச் சரியாகத் தயார் செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் டேப்புக்கே வேலை வருகிறது. அதனால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்களுடையது 34 அடி பாய்மரப் படகு, 1980களில் கட்டிய ஃபைபர்கிளாஸ், லங்காவியில் நிற்கிறது. டெக்குக்கு மேலே ஒரு ஃபைபர்கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரம். அந்தக் காலத்துப் படகுகள் பலவும் இப்படித்தான், கனம் ஏறாமல் டெக் விறைப்பாக நிற்கும். சிக்கல் என்னவென்றால் கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கிளீட், கயிறு இழுக்கும் வின்ச், முன்பாய்க் கயிற்றுக்கான ஜெனோவா டிராக் என்று டெக்கில் எதைப் பூட்டினாலும் அதன் போல்ட் அந்த பால்சாவைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. மேலே இடைவெளியை அடைத்திருக்கும் சீலண்ட் விட்டுப்போனால் தண்ணீர் முதலில் மரத்துக்குள் போகும், கேபினில் சொட்டுவது அதற்கப்புறம்தான். படுக்கை நனைகிறது என்று நமக்குத் தெரியவரும்போது மரம் பல மாதங்களாக ஊறிக் கிடந்திருக்கலாம். லங்காவியில் செப்டம்பர், அக்டோபர் மழையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் பொருத்தியைக் கழற்றாதீர்கள். தண்ணீர் உட்கூரைப் பலகைக்குப் பின்னால் ஓடும், மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும், படகு சாய்ந்திருக்கும் பக்கம் பார்த்து நகரும், கடைசியில் எங்கோ ஒரு திருகாணி முனையில் வந்து சொட்டும். உட்கூரையைக் கழற்றி ஒவ்வொரு நட்டையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. துருக்கறை படிந்த நட், அதைச் சுற்றிப் பழுப்பு வளையம், இரண்டும் இருந்தால் அது பழைய ஒழுக்கு. சொட்டும் தண்ணீரே பழுப்பாக இருந்தால் உள்ளே மரம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பார்த்தும் தெரியவில்லையா, ஆள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே குழாயோடு, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு. டெக்கின் தாழ்வான பகுதியிலிருந்து தொடங்கி ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருத்திக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அவசரப்படாமல் காத்திருந்து, அப்புறம்தான் மேலே நகர வேண்டும். மேட்டிலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லாவற்றையும் நனைத்துவிடும், எது ஒழுகுகிறது என்று சொல்லவே முடியாது. எனக்கு அதைவிடப் பிடித்தது காற்று முறை. ஹேட்ச் என்னும் டெக் கதவு, ஜன்னல், காற்றுத் துவாரம் எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்துவிட்டு, இலை ஊதும் பிளோயரை வைத்து கேபினுக்குள் காற்றை ஏற்றுங்கள். டெக்கில் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் ஒழுகும் இடத்தில் குமிழி கிளம்பும். மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஊகிக்கவும் வேண்டியதில்லை. எங்கள் படகில் கைப்பிடிக் கம்பிகளின் அடித்தட்டுகளிலும் ஒரு செயின்பிளேட்டிலும் குமிழி வந்தது. கைப்பிடிக் கம்பி எதிர்பார்த்ததுதான். படகில் ஏறுபவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள், உயரமான கம்பி நெம்புகோலாக வேலை செய்து அடித்தட்டை ஒவ்வொரு முறையும் அசைக்கிறது.

செயின்பிளேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் அதில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. துருப்பிடிக்காத எஃகு என்று நம்பியிருப்போம், ஆனால் அதன் மேல் உள்ள பாதுகாப்புப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். டெக்குக்குள் புதைந்திருக்கும் பகுதியில் ஈரம் தேங்கி ஆக்சிஜன் இல்லாமல் போனால் வெளியே பளபளப்பாகத் தெரியும் தகடு உள்ளே அரித்துப் போயிருக்கும். முழுவதும் வெளியே எடுத்துப் பாருங்கள், விரிசல் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இனி துளை. 6 மில்லிமீட்டர் போல்ட் என்றால் மேல் தோலையும் பால்சாவையும் சேர்த்து 12 மில்லிமீட்டர் அளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, ஈர மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கீழ்ப்பக்கம் டேப்பால் அடைத்துவிட்டு, இறுகிக் கெட்டியாகும் எபாக்ஸிப் பசையை நிரப்ப வேண்டும். முதலில் வெறும் எபாக்ஸியால் மரத்தின் ஓரத்தை நனைத்துவிடுங்கள், பிறகு பொடி சேர்த்துக் கெட்டியாக்கியதை ஊற்றுங்கள். நான் வெஸ்ட் சிஸ்டம் எபாக்ஸியில் 105 ரெசினோடு, அதை இறுக வைக்கும் 209 ஹார்டனரைப் பயன்படுத்தினேன். நம் வெயிலுக்கு 205 ஹார்டனர் கலக்கும் பாத்திரத்திலேயே சூடேறி இறுகிவிடும், 209 நிதானமாக வேலை செய்ய நேரம் கொடுக்கிறது. கலவை விகிதம் மட்டும் கவனம்: 205க்கு 5:1, 209க்கு 3:1. இறுகிய பிறகு நடுவில் மறுபடி 6 மில்லிமீட்டர் துளை. இப்படிச் செய்துவிட்டால் நாளைக்கே சீலண்ட் விட்டாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

கடைசியாகத் துளையின் வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரிவாக்குங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான், ஆனால் இந்த டேப் ஒழுக்கை நிறுத்துவதே இந்தச் சரிவால்தான். சரிவு இல்லையென்றால் இறுக்கும்போது பியூட்டைல் எல்லாம் வெளியே பிதுங்கி மெல்லிய படலம்தான் மிஞ்சும். சரிவு இருந்தால் போல்ட்டைச் சுற்றி ஒரு தடித்த வளையமாக அங்கேயே தங்கிவிடுகிறது.

சரி, டேப்புக்கு வருகிறேன். சாம்பல் நிறம், அரை அங்குல அகலம், பின்னால் உரிக்கும் தாள். மெதுவாக இழுத்தால் ஊறவைத்த ரொட்டி சானாய் மாவு மாதிரி அறுந்துபோகாமல் நீளமாக நூலிழையாக வருகிறது. ஹார்ட்வேர் கடையில் கூரை வேலைக்கு விற்கும் மலிவான சுருளையும் வாங்கி இழுத்துப் பார்த்தேன், பட்டென்று அறுந்துவிட்டது. டெக் பொருத்திகள் அசைந்துகொண்டே இருப்பவை, அசைவோடு சேர்ந்து நீள முடியாத பொருளை அதன் அடியில் வைத்து என்ன பயன்? பொருத்தியின் அடியில் முழுவதும் ஒட்டி, சிறு துண்டை உருட்டி போல்ட் தலைக்குக் கீழே சுற்றிவிட்டு, போல்ட்டை மேலே ஒருவர் திரும்பாமல் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் இறுக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கி விட்டுவிடுங்கள், மறுநாள் இன்னும் கொஞ்சம். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் வழித்து, மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

இது ஒருபோதும் இறுகுவதில்லை, அதுதான் இதன் பெரிய பலம். பத்து வருடம் கழித்துக் கழற்ற வேண்டுமென்றாலும் கழற்றலாம். 3எம் 5200 அப்படியல்ல. அது நல்ல பொருள்தான், ஆனால் நிரந்தரப் பசை. அதில் ஒட்டிய கிளீட்டைப் பெயர்க்கும்போது டெக்கின் மேற்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். சிலிகான் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தப் படகை எங்களுக்கு முன்பு பழுதுபார்த்த பட்டறையில் ஒழுகிய இடங்களில் எல்லாம் வெளியே சிலிகானைப் பூசி விட்டிருந்தார்கள். ஒழுக்கும் நிற்கவில்லை, அந்த எச்சத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டவும் இல்லை, சுரண்டி எடுப்பதற்குத்தான் அதிக நேரம் போனது.

குறைகளும் உண்டு. நம் வெயிலில் டேப் குழைந்துவிடுகிறது, தாளை உரிக்க முடியாமல் விரலில் ஒட்டிக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடுகிறது. ஓரத்தில் மிச்சம் விட்டால் தூசி பிடித்துக் கறுப்பாகும். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் தபால் செலவு வலிக்கிறது, பக்கத்துப் படகுக்காரர்களோடு சேர்ந்து வாங்குவது நல்லது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. டீசல் நிரப்பும் மூடிக்கு வேண்டாம், எரிபொருள் பட்டால் பியூட்டைல் கரைந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழேயும் வேண்டாம். அந்த இரண்டுக்கும் பாலிசல்ஃபைடு வகை சீலண்ட் சரியாக இருக்கும், ஆனால் அதை அக்ரிலிக் ஜன்னலில் தொடவிடாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். மற்றபடி போல்ட் போட்டு இறுக்கும் டெக் பொருத்தி எதுவானாலும் நான் இந்த டேப்பைத்தான் வைக்கிறேன். கைப்பிடிக் கம்பிகளும் செயின்பிளேட்டும் முடிந்துவிட்டன, மழைக்காலம் முழுவதும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அடுத்து ஜெனோவா டிராக், அதில் போல்ட் ஏராளம், ஒரு சுருள் போதாது, அதற்கும் சேர்த்தே சொல்லிவைத்திருக்கிறேன்.