நாடாவா, பதக்கமா?

பிரிட்டனின் பெண் வாக்குரிமைப் போராட்டத்தை நாடகமாகவோ கண்காட்சியாகவோ காட்ட முனைவோர், மூவண்ண நாடாவை எடுப்பதா, லண்டனின் ஹாலோவே சிறையில் அடைக்கப்பட்டு மீண்டவர்களுக்கு வழங்கிய, உடையில் குத்திக்கொள்ளும் பதக்கத்தை எடுப்பதா என்று தயங்குவதுண்டு. இரண்டுமே அந்தப் போராட்டத்தை நடத்திய அமைப்புகளில் ஒன்றான பெண்கள் சமூக அரசியல் ஒன்றியத்தின் சின்னங்கள்தாம்.

பொருள்: ஒன்றியத்தின் தலைவர்களுள் ஒருவரான எம்மலின் பெத்திக் லாரன்ஸ் 1908இல் வகுத்த நிறங்களில் ஊதா கண்ணியத்தையும், வெள்ளை தூய்மையையும், பச்சை நம்பிக்கையையும் குறித்தன. சில்வியா பேங்க்ஹர்ஸ்ட் வடிவமைத்து, 1909இல் வழங்கத் தொடங்கிய வெள்ளிப் பதக்கமோ, நாடாளுமன்றத்தின் அடையாளமான இரும்புக் கிராதிக் கதவின்மேல், கைதிகளின் உடையில் இருந்த அம்புக்குறியை அதே மூன்று நிறங்களில் பதித்து, சிறையிட்ட அரசின் முத்திரையையே பெருமைச் சின்னமாக மாற்றியது. அந்தத் துணிச்சலுக்கு ஈடாக நாடாவில் எதுவும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செலவு: அன்று நாடாவைச் சிறு தொகைக்கு வாங்க முடிந்தது, பதக்கத்துக்கு விலை சிறைவாசம்.

பார்வை: 1908 ஜூன் 21 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் திரண்ட பெருங்கூட்டத்தை நிறங்கள் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டின, பதக்கத்தின் இருபுறமும் தொங்கும் சங்கிலிகளையோ அருகில் நின்றால்தான் காண முடியும்.

நீடித்து உழைப்பது: துணி வெளுத்துவிடும், வெள்ளி கறுத்தாலும் துடைத்தால் மீளும்.

ஆகவே ஊர்வலக் காட்சிக்கு நாடாவும், சிறை மீண்டவரின் பாத்திரத்துக்குப் பதக்கமும் பொருந்தும். மேடையில் நிற்கும் எல்லோருக்கும் பதக்கம் அணிவிப்பது வரலாற்றுப் பிழையாகும்.