டிரெய்லரின் கரன்ட் இன்லெட்டை மாற்றி நான்கு கோடை ஓடிவிட்டது

2021 ஜூன் கடைசி. டெக்சஸில் இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்காவில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும் நேரம். டிரெய்லரின் பக்கச் சுவரில் செருகியிருந்த கரன்ட் வயரைக் கழற்றப் போனேன். வரவில்லை. வளையத்தைத் தளர்த்தி, இடப்பக்கம் லேசாகத் திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும் பிளக் அது. சுவரில் ஒரு காலை முட்டுக் கொடுத்து இழுத்த பிறகுதான் பொளக்கென்று வந்தது, கூடவே கருகின பிளாஸ்டிக் நாற்றம். மூன்று பித்தளைத் தகடுகளில் இரண்டு ஒழுங்காக இருந்தன. மூன்றாவது காபிப் பொடி நிறத்துக்கு மாறியிருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி வழிந்து மறுபடி இறுகியிருந்தது. இரண்டு ராத்திரி பிள்ளைகள் அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் தலை வைத்துத் தூங்கினார்கள்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். 2020-இல் ஊருக்குப் போக வழியில்லாமல் முடங்கிக் கிடந்தபோது, அமெரிக்கர்கள் ஆர்வி என்று சொல்லும் வண்டிவீட்டில் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். 24 அடி டிரெய்லர், பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. முகாம் இடங்களில் ஒவ்வொரு மனைக்கும் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மின்கம்பப் பெட்டி இருக்கும், பெடஸ்டல் என்பார்கள். அதிலிருந்து பெருவிரல் கனத்துக்கு 30 அடி வயர் வந்து டிரெய்லரின் சுவரில் இருக்கும் இன்லெட்டில் சேரும். வீட்டுக்கு வேண்டிய மின்சாரம் மொத்தமும் அந்த மூன்று தகடுகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

30 ஆம்ப் என்றதும் ஊரிலிருந்து கேட்பவர்கள் அசந்துபோவார்கள். இங்கே 120 வோல்ட். பெருக்கினால் 3600 வாட். நம்மூரில் கீசருக்கு வைக்கிற 16 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட இதே அளவைத் தரும். அதாவது எங்கள் மொத்த வீடும் ஒரு கீசர் பிளக்கில் ஓடுகிறது. கூரை ஏசி 13 முதல் 15 ஆம்ப் வரை இழுக்கும். 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 15 ஆம்ப். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கணக்கு முடிந்துவிடும்.

பிரேக்கர் விழுந்தால் நல்லது என்றே சொல்வேன். பயப்பட வேண்டியது, பிரேக்கர் விழாமல் 25 ஆம்பில் மணிக்கணக்கில் ஓடும்போது. தகடு தளர்ந்தோ களிம்பு பிடித்தோ, தொடும் இடத்தில் வெறும் 0.05 ஓம் தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 25-ஐ 25-ஆல் பெருக்கி, அதை 0.05-ஆல் பெருக்கினால் 31 வாட். பிளக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரிதான். கரன்ட் அளவு ஏறவே இல்லையே, பிரேக்கருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சூட்டில் தகட்டின் பிடி இன்னும் தளரும், தடை கூடும், சூடு ஏறும். முறுக்கிப் பூட்டும் வகைக்கு இன்னொரு தொல்லை, அந்தக் கனத்த வயர் முழுக்க இன்லெட்டில் தொங்குகிறது. வளையத்தை முழுசாக முறுக்காமல் விடுகிறவர்கள் பலர். நானும் விட்டிருக்கிறேன்.

படகுக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. உப்புக்காற்றில் படகைக் கரையோரக் கரன்ட்டில் மாட்டி வைப்பவர்கள் இதே வகை இணைப்பில் காலங்காலமாகக் கை சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக வந்து, பிறகு ஆர்விக்கும் வந்ததுதான் ஸ்மார்ட்பிளக் (வைஃபையில் இயங்கும் பிளக் அல்ல, இந்த இணைப்பின் பிராண்ட் பெயர்). முறுக்கெல்லாம் இல்லை. தடித்த நேர் பின்கள், நேராக உள்ளே தள்ள வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள் பிடித்துக்கொள்ளும், மூடியும் மேலே ஒரு பிடி பிடிக்கும். முறுக்கு வகை 1938-ஆம் ஆண்டு வடிவம் என்றும், தங்களுடையதில் தொடு பரப்பு 20 மடங்கு என்றும் நிறுவனம் சொல்கிறது. 20 மடங்கா என்று அளந்து பார்க்க என்னிடம் வழியில்லை. கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், அவ்வளவு சொல்லலாம். இன்லெட்டும் வயர் முனையில் போடும் கனெக்டரும் சேர்த்து இருநூறு டாலரை ஒட்டி ஆனது. பழைய வகையையே புதிதாக வாங்கியிருந்தால் அதில் கால்வாசி கூட ஆகியிருக்காது. மனைவி விலையைப் பார்த்துவிட்டு, "பிளக்குக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மாற்றும் வேலை ஒரு சனிக்கிழமை. வயரை இரு முனையிலும் கழற்றி, ஜெனரேட்டரும் இல்லை, இன்வெர்ட்டரும் இல்லை என்று உறுதி செய்து, மல்டிமீட்டரால் ஒருமுறை தொட்டும் பார்த்துவிட்டேன். நான்கு ஸ்குரூ. சுற்றியிருந்த பழைய சீலன்ட்டை பிளேடால் அறுத்து இன்லெட்டை வெளியே இழுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளை வயரைப் பிடித்திருந்த ஸ்குரூ கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. முழுசாக ஒரு சுற்று. வயரின் மேலுறை ஓர் அங்குலத்துக்குப் பழுப்பேறி, தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் இன்லெட் கருகியதற்குப் பாதிக் காரணம் முறுக்கு வடிவம் என்றால், மீதிப் பாதி அந்த ஸ்குரூ. தொழிற்சாலையிலேயே சரியாக இறுக்காமல் விட்டார்களா, ஆயிரக்கணக்கான மைல் குலுங்கித் தளர்ந்ததா, யாருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து ஸ்குரூ டிரைவரால் ஒரு திருகு கொடுத்திருந்தால் இருநூறு டாலர் மிச்சமாகியிருக்கலாம்.

இன்னொன்று. நான் கரூரில் பாலிடெக்னிக் படிக்கும்போது கைக்குப் பழகிய நிறங்கள்: சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்காவில் கறுப்புதான் ஃபேஸ், இவர்கள் ஹாட் என்பார்கள். வெள்ளை நியூட்ரல். பச்சை மட்டும் மாறவில்லை. மூளைக்கு இது தெரியும், கைக்குத் தெரியாது. கறுப்பு வயரை எடுத்து நியூட்ரல் முனைக்குக் கொண்டுபோய்விட்டேன். ஸ்குரூவை இறுக்குவதற்கு முன்னால் சட்டென்று உறைத்தது. அதற்கப்புறம் மாஸ்கிங் டேப்பில் தமிழிலேயே 'ஃபேஸ்' என்று எழுதி கறுப்பில் ஒட்டிக்கொண்டு வேலை செய்தேன். ஊரில் வயரிங் பழகிவிட்டு இங்கே வந்து சொந்தமாக மாட்டுகிறவர்கள் இதை மட்டும் கவனியுங்கள்.

மிச்ச வேலை சுலபம். கருகின பகுதியை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை மேலுறையை உரித்தேன். உள்ளே வயர் இழுக்கக் கொஞ்சம் இடம் இருந்ததால் தப்பித்தேன். ஸ்குரூக்களை, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் டிரைவரால், கூட வந்த தாளில் போட்டிருந்த அளவுக்கு இறுக்கினேன். எங்கள் சுவரில் பழைய ஸ்குரூ துளைகளே பொருந்தின, ஓட்டையின் விளிம்பை மட்டும் அரத்தால் கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது. பின்னால் தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் டேப், மேலேயும் இரு பக்கமும் சீலன்ட். அடிப்பக்கம் பூசவில்லை, தப்பித்தவறி உள்ளே போகும் தண்ணீர் இறங்கட்டும். பழைய வயரின் முறுக்கு முனையை வெட்டிவிட்டு அதே வயரில் புதுக் கனெக்டரைப் போட்டேன். பெடஸ்டல் பக்க முனையைத் தொடவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

முதல் இரண்டு கோடை இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாமல் போனது. இருட்டில் செருகுவது பெரிய நிம்மதி. முன்பு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தகடு எந்தப் பக்கம் என்று தடவ வேண்டும். இதில் பின்கள் ஒரே மாதிரி அமைந்தவை அல்ல, தப்பாகப் போகாது. தள்ளினால் இரண்டு கொக்கியும் 'டிக், டிக்'. என் பத்து வயதுப் பையன் செருகுவான். நான் அந்தச் சத்தத்தை மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொள்வேன்.

2022 ஆகஸ்ட்டில் சூட்டை அளந்தேன். பிற்பகல் நான்கு மணி, வெளியே 38 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரமாக 24 ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் இன்லெட் 33 டிகிரி என்றது. வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியா? பளபளக்கும் ஸ்டீலில் அந்தக் கருவி ஏமாந்துபோகும், எதிரொளியைத்தான் படிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டியபோது 42. சரி, நம்பலாம். அப்படியே நடந்துபோய்ப் பெடஸ்டலில் செருகியிருந்த பழைய பிளக்கில் காட்டினேன். 57.

அன்றைக்கே அதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

2023 கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முகாமில் முதல் நாள் காலை மாவுப் பாத்திரத்தோடு அடுப்பு முன்னால் நின்று, "ஏன்டா தம்பி, நான் தோசை ஊத்தினா ஏசி நின்னு போவுது, ஏசி போட்டா அடுப்பு போவுது, இது என்ன வீடு?" என்றார். இன்லெட் எவ்வளவு நல்லதானாலும் 3600 வாட் 3600 வாட்தான் என்பதை அவருக்கு விளக்கப் பார்த்துத் தோற்றேன். கடைசியில் ஆறு மணிக்கே தோசை, பிறகு ஏசி என்று முடிவானது. இதைத் தவிர்க்க 50 ஆம்ப் இன்லெட் போடலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். சுவரில் மட்டும் மாற்றினால் ஒன்றும் ஆகாது. 50 ஆம்ப் என்பது இரண்டு ஃபேஸ் வருவது, மொத்தம் 12,000 வாட். உள்ளே பேனலும் வயரும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒரே ஏசி இருக்கும் டிரெய்லருக்கு அது வீண் செலவு.

இந்தப் புது இன்லெட்டில் வசதிக்குறைவு என்றால் ஒன்றே ஒன்று, அது உங்கள் கையில் இருக்கும் வயரோடு மட்டுமே சேரும். கால்வெஸ்டன் தீவு மாநிலப் பூங்காவுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, முந்தின நாள் ஃபிரிஜ்ஜைக் குளிரவைக்க வீட்டில் மாட்டியிருந்த வயரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பக்கத்து மனைப் பெரியவர் தன்னிடம் உபரி வயர் இருப்பதாகச் சந்தோஷமாக எடுத்து வந்தார். முறுக்கு முனை. இரண்டு பேரும் அதையும் இன்லெட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பழைய இன்லெட்டாக இருந்தால் அந்த நிமிடமே வேலை முடிந்திருக்கும். ஹூஸ்டனுக்குப் போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம்.

அதே கால்வெஸ்டன் காற்றில் பழைய பித்தளைத் தகடுகள் பச்சைக் களிம்பு பிடித்துப் போனவை. புதியதன் பின்கள் நான்கு வருடம் கழித்தும் சுத்தமாக இருக்கின்றன. ஸ்டீல் முகப்பில் மட்டும் டீக்கறை மாதிரிப் படியும், ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும்.

2024 ஜூலையில் அந்தப் பழைய முனை கணக்கைத் தீர்த்துக்கொண்டது. பேர் வேண்டாம், ஒரு தனியார் முகாம். நூறு ஏசிகளும் ஓடும் பிற்பகலில் வோல்டேஜ் 106-க்கு இறங்கியிருந்தது. வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் கூடுதல் ஆம்ப் இழுக்கும். வோல்டேஜைக் கண்காணிக்கும் எங்கள் இஎம்எஸ் பாதுகாப்புப் பெட்டி 104-க்குக் கீழே போனால்தான் துண்டிக்கும், ஆகவே ஓடவிட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்தால் பெடஸ்டலில் செருகியிருந்த பிளக்கின் ஒரு பின் கறுத்து, ரப்பர் உப்பியிருந்தது. மூன்று வருடம் முன்பு சுவரில் பார்த்த அதே காபிப் பொடி நிறம். இந்தப் பக்கம் நல்ல இணைப்பு போட்டதால் அந்தப் பக்கம் கெட்டுப்போனது என்று சொல்ல வரவில்லை. இந்தப் பக்கம் சரியாகிவிட்டது என்ற தைரியத்தில் அந்தப் பக்கத்தை நான் பார்க்காமல் விட்டேன். முகாமின் பெட்டியில் இருக்கும் சாக்கெட் வருடத்துக்கு நூறு வண்டிக்காரர்கள் செருகிப் பிடுங்குவது. அதன் பிடி எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

இப்போது அந்த முனையிலும் ஸ்குரூ வைத்த புதுப் பிளக் போட்டிருக்கிறேன். செருகுவதற்கு முன் பெடஸ்டல் பிரேக்கரை அணைப்பேன். செருகும்போது தொளதொளவென்று போனால் வேறு மனை கேட்பேன். ஏசி போட்டு அரை மணி கழித்துப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் தோசை ரத்து.

இருநூறு டாலர் கொடுத்ததற்கு வருத்தமா என்றால் இல்லை. கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள், இன்லெட் ஏற்கெனவே கருகி எப்படியும் மாற்ற வேண்டியவர்கள் தாராளமாக வாங்கலாம். போன மார்ச்சில் ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊரிலிருந்து நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய பழைய டிரெய்லரோடு வந்தார், இன்லெட் மாற்றித் தரச் சொல்லி. முதலில் ஸ்குரூ டிரைவரை எடுத்து அவருடையதைத் திறந்தோம். தகடுகள் பளிச்சென்று இருந்தன. பச்சை வயர் ஸ்குரூ மட்டும் அரைத் திருகு ஏறியது. சீலன்ட் பூசி மூடிவிட்டு, மிச்ச நேரத்தில் டீ போட்டுக் குடித்தோம். அவர் இன்னும் பழைய முறுக்கு பிளக்கோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்.