மிஸ்பிஹேவ், ஆக்ட் அப்: எதை எங்கே சொல்வது?

இரண்டுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒழுங்காக நடந்துகொள்ளாமல் இருப்பது. ஆனால் மிஸ்பிஹேவ் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘பஸ்ஸில் ஒருத்தன் மிஸ்பிஹேவ் பண்ணிட்டான்’ என்று ஒரு பெண் சொன்னால் நமக்கு உடனே அதன் கனம் புரிகிறது. லண்டனில் அதையே சொன்னால், ஏதோ சின்னப் பிள்ளையின் சேட்டை மாதிரி கேட்கும், புகாரே லேசாகிவிடும். அங்கே ஹராஸ் என்றே சொல்லுங்கள். ‘மிஸ்பிஹேவ்ட் வித் மீ’ என்று வித் சேர்ப்பதும் பெரும்பாலும் நம் இந்திய ஆங்கில வழக்குதான்.

ஆக்ட் அப்? குழந்தை அடம்பிடித்தாலும் சரி, ஸ்கூட்டர் மக்கர் பண்ணினாலும் சரி, பழைய முட்டிவலி மறுபடி கிளம்பினாலும் சரி, பொருந்தும். பேச்சுக்கு நல்ல சொல். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.